மூணு ரவுண்டு சுட்டா மூணு வட்டமா?

எல்லாருக்கும் வணக்கம். முன்னாடி ஐயாமாரும் அம்மாமாரும் உக்காந்திருக்கீங்க, பின்னாடி பிள்ளைங்க போன் பாத்துக்கிட்டு இருக்குதுங்க, பரவால்ல பாருங்கய்யா, காது மட்டும் இந்தப் பக்கம் இருந்தா போதும். தலைவர் என்னை "ஒரு ரவுண்டு பேசிட்டு வாங்க சார்"னு சொல்லி மேடைக்கு அனுப்பிட்டாரு. அந்த ரவுண்டப் பத்தித்தான் பேசப் போறேன்.

நான் இந்த பினாங்குல தமிழ்ப்பள்ளியில ரொம்ப வருஷம் பாடம் எடுத்தவன். ஒரு நாள் இங்கிலீஷ் பேப்பர்ல இருந்து நாலு வரி கொடுத்து தமிழ்ல எழுதச் சொன்னேன். போலீஸ்காரர் மூணு ரவுண்டு சுட்டாருன்னு ஒரு வரி. ஒரு பையன் எழுதியிருக்கான், "காவலர் மூன்று வட்டம் சுட்டார்"னு. கிளாஸே சிரிச்சுது, நானும் சிரிச்சேன், என்னமோ அவரு தோசை சுட்ட மாதிரி இருந்துச்சு. வீட்டுக்குப் போய் யோசிச்சா அவன் மேல என்ன தப்பு? ரவுண்டுன்னா வட்டம்னு சொல்லிக் கொடுத்ததே நாமதானே. துப்பாக்கிக்கு வர்ற ரவுண்டுக்கு நம்மகிட்ட குண்டுன்னு ஒரு சொல்லு இருக்கு, அது உருண்டைய வச்சு வந்த சொல்லு, கோலிக் குண்டு, குண்டு பல்பு, குண்டு மல்லி, குண்டூசி, குண்டுப் பையன்னு எல்லாத்துலயும் அந்த உருண்டை இருக்கு பாருங்க.

இந்த ரவுண்டுங்கற சொல்லு எங்கேர்ந்து வந்துச்சுன்னா, லத்தீன்ல சக்கரத்துக்கு ரோட்டான்னு பேரு, அதுலேர்ந்து ரோட்டுண்டுஸ், அதாவது சக்கரம் மாதிரி இருக்கறது, அது பிரெஞ்சு வழியா தேஞ்சு தேஞ்சு இங்கிலீஷ்ல ரவுண்டாச்சு. அந்த ரோட்டாவும் வடமொழி ரதமும் ஒரே வேர். தைப்பூசத்துக்கு தண்ணீர்மலைக்குப் போற ரதத்துக்கு முன்னாடி தேங்கா உடைக்கிறோமே, அந்த ரதத்துக்கு இந்த ரவுண்டு தூரத்து சொந்தம். சைக்கிளும் அப்படித்தான், சைக்கிள், வீல், சக்கரம் மூணும் ஒரே பாட்டிக்குப் பொறந்த பேரப்பிள்ளைங்க, மூஞ்சியப் பாத்தா தெரியாது, அவ்வளவுதான்.

சரி, ரவுண்டுக்கு சரியான தமிழ்ச் சொல்லு எதுன்னு கேட்டா நான் பதில் சொல்ல மாட்டேன், எந்த பொருளுன்னு திருப்பிக் கேப்பேன். நாளைக்கு காலையில ரொட்டி சானாய் கடையில அஞ்சு நிமிஷம் நின்னு பாருங்க. எண்ணெயில ஊறுன மாவு அங்க உருண்டையா இருக்கும். அண்ணன் அத வீசி வீசி துணி மாதிரி விரிப்பாரு, அப்புறம் மடிச்சு கயிறு மாதிரி இழுத்து சுருட்டுவாரு, அது சுருள். அத கையால அமுக்கி தட்டி கல்லுல போட்டா வட்டம். கெட்டியா இருந்தா உருண்டை, தட்டையா இருந்தா வட்டம், நடுவுல ஒண்ணும் இல்லன்னா வளையம், கொழா மாதிரி நீளமா இருந்தா உருளை. இங்கிலீஷ்லயும் ஸ்பியர், டிஸ்க், ரிங், சிலிண்டர்னு தனித்தனி பேரு இருக்கு, இல்லன்னு சொல்லல, ஆனா பேச்சுல அவன் எல்லாத்தையும் ரவுண்டுன்னு முடிச்சுடுவான். அதப் பாத்து நாமளும் "ரவுண்டா இருக்கும்லா"ன்னு முடிச்சுடறோம். இங்க இருக்கற உசரமான கொம்தார் கட்டடத்தைக் காட்டி என் பேத்தி "தாத்தா ரவுண்டு பில்டிங்"னு சொல்றா. எண்ணிப் பாரும்மான்னேன். அதுக்கு 12 பக்கம்.

உருவம் போக இன்னொரு ரவுண்டு இருக்கு, நகர்றது. லைட் ஸ்திரீட் முனையில மணிக்கூண்டு இருக்குல்ல, விக்டோரியா ராணி பட்டத்துக்கு வந்து 60 வருஷம் ஆச்சுன்னு வருஷத்துக்கு ஒரு அடியா 60 அடியில கட்டுனது, அந்த ரவுண்டபவுட்ட மோட்டோவுல ஒரு ரவுண்டு அடிக்கிறோம். இது வட்டம் இல்ல, சுத்து. போட்டியில முதல் சுற்று, ரெண்டாம் சுற்று. டாக்டர் வார்டுல ரவுண்ட்ஸ் வந்தா அதுக்கு சொல்லே வேணாம், டாக்டர் பாக்க வந்தாருன்னா போதும். கோயில்ல சுத்துனா அது வலம். இந்த வலம் எனக்கு ரொம்பப் பிடிச்ச சொல்லு, ஏன்னா இதுக்குள்ள திசை இருக்கு, சாமி எப்பவும் நம்ம வலது கைப்பக்கம். இங்கிலீஷ் ரவுண்டு எந்தப் பக்கம் சுத்துதுன்னு யாருக்குத் தெரியும்? இன்னொரு வேடிக்க, நம்ம ஊர்ல வண்டி இடது பக்கம் ஓட்டறதால ரவுண்டபவுட்லயும் வலமாத்தான் சுத்தறோம், விக்டோரியா மணிக்கூண்டுக்கு தினமும் பிரதட்சிணம் பண்ணிக்கிட்டு இருக்கோம் போங்க.

மலாய்க்காரங்க இத அழகா பிரிச்சு வச்சிருக்காங்க. உருவத்துக்கு புலாட், சுத்தறதுக்கு பூசிங். ரவுண்டபவுட்டுக்கு புலாத்தான், போட்டிச் சுற்றுக்கு பூசிங்கான். எல்லாரும் ஒருமனதா ஒத்துக்கிட்டா செபுலாட் சுவாரா, குரலே உருண்டையாயிடுச்சாம், மூலையே இல்லாம! நம்ம சங்கத்து கூட்டத்துல அத நான் இன்னும் பாத்ததில்ல. (தலைவர் முறைக்கிறாரு.)

அப்புறம் காசு. 2008 ஏப்ரல் 1-லேர்ந்து ஒரு காசு நாணயம் இல்லாம பில்ல அஞ்சு காசுக்கு ஒட்டிக் கட்டறோம், 7 வெள்ளி 32 காசுன்னா 7.30, 33 காசுன்னா 7.35. பில்லுல ரவுண்டிங்னு ஒரு வரி போட்டிருப்பான். இத வட்டமாக்கல்னு ஒரு மாணவி எழுதுனா, பாவம். முழுசாக்கறதுன்னா புரிஞ்சுடும். காசு ரவுண்டா இருக்கறது வேற, கணக்கு ரவுண்டா இருக்கறது வேற. அதுலயும் பாருங்க, நம்ம மலேசியா வெள்ளிக்கு இருக்கற ரிங்கிட்ங்கற பேரே வட்டத்துக்கு வந்த பேரு இல்ல, அந்தக் காலத்து ஸ்பெயின் வெள்ளிக்காசோட விளிம்புல பல்லு பல்லா இருந்துச்சு, மலாய்ல ரிங்கிட்னா பல்லு வச்சதுன்னு அர்த்தம். காசு முழுக்க வட்டம், பேரு வச்சது விளிம்புல இருந்த பல்லப் பாத்து.

மோதிரத்துக்கு கணையாழின்னு ஒரு பழைய பேரு இருக்கு, ஆழின்னா மோதிரம், சக்கரம், கடல்னு மூணும். அத எடுத்தா இன்னிக்கு ராத்திரி முடியாது, விட்டுடறேன். பின்னாடி மேசையில வடை வந்துடுச்சுன்னு வாசனை சொல்லுது. நான் சொன்ன கணக்குப்படி உளுந்து வடை வளையம்தான், நடுவுல ஓட்டை இருக்கு, ஆனா வடைய வளையம்னு சொன்ன ஒரு ஆளையும் நான் பாத்ததில்ல. கேள்வி கேக்கறவங்க கையில ஒண்ணு எடுத்துக்கிட்டே கேளுங்க, ஆறிடப் போவுது.