இருபது முத்துகள்

வணக்கம் நேயர்களே. 2020 ஆகஸ்டில் துணை அதிபர் வேட்பாளராக கமலா ஹாரிஸ் பேசிய பேச்சு உங்களில் பலருக்கு நினைவிருக்கும். தன் குடும்பம் என்று யார் யாரையெல்லாம் நினைக்கிறார் என்று சொல்லிக்கொண்டே வந்தவர், நடுவில் "சித்தி" என்று தமிழில் ஒரு வார்த்தை சொன்னதும் நம் ஆட்களுக்குத் தலைகால் புரியவில்லை, வாட்ஸப் முழுக்க அதுதான். அதே பேச்சில், கொஞ்சம் தள்ளி, இன்னொரு குடும்பத்தையும் சொன்னார்: கல்லூரி நாளில் அவர் சேர்ந்த ஆல்ஃபா கப்பா ஆல்ஃபா என்ற 'சொராரிட்டி', அதாவது மாணவிகள் சங்கம். அது நம் காதில் விழவில்லை. ஆனால் அமெரிக்கக் கறுப்பினப் பெண்களில் எத்தனையோ பேர் நிமிர்ந்து உட்கார்ந்தது அந்தப் பெயரைக் கேட்டுத்தான். அந்த நாட்களில் அவருடைய தேர்தல் நிதிக்கு 19 டாலர் 8 சென்ட் என்று ஒரு விசித்திரமான தொகை திரும்பத் திரும்ப வந்து சேர்ந்தது. ஏன் அந்தக் கணக்கு? சங்கம் பிறந்த வருடம் 1908.

சொராரிட்டி என்பது அமெரிக்கக் கல்லூரிகளில் மாணவிகள் சேர்ந்து நடத்தும் சங்கம். கிரேக்க எழுத்துகளில் பெயர், தனி நிறம், தனிப் பூ, வெளியே சொல்லாத சடங்குகள் எல்லாம் உண்டு. வெள்ளைக்கார மாணவிகள் இதை வெகு காலமாக நடத்திவந்தார்கள், அங்கே கறுப்பின மாணவிகளுக்கு இடம் கிடையாது. வாஷிங்டனில் இருக்கும் ஹோவார்ட் பல்கலைக்கழகத்தில் படித்த எத்தல் ஹெட்ஜ்மன் என்ற பெண், நமக்கென்று ஒன்று வேண்டும் என்று தோழிகளைச் சேர்த்துக்கொண்டு, 1908 ஜனவரி 15 அன்று ஒன்பது பேராகத் தொடங்கியதுதான் ஆல்ஃபா கப்பா ஆல்ஃபா. கறுப்பினக் கல்லூரிப் பெண்கள் தொடங்கிய முதல் கிரேக்க எழுத்துச் சங்கம் அது. அடிமை முறை சட்டப்படி ஒழிந்து அப்போது ஐம்பது வருடம்கூட ஆகவில்லை என்பதை மனதில் வைத்துக்கொண்டு யோசித்துப் பாருங்கள்.

அவர்கள் நிறம் சால்மன் இளஞ்சிவப்பும் ஆப்பிள் பச்சையும். சின்னம் ஐவி கொடியின் இலை. பூ, இளஞ்சிவப்பு டீ ரோஜா. "ஸ்கீ-வீ" என்று உச்சக்குரலில் ஒரு கூவல் உண்டு, கூட்டத்துக்கு நடுவில் அதைக் கேட்டால் எங்கிருந்தாலும் பதில் குரல் வரும். அப்புறம் முத்து. நிறுவனர்கள் என்று மொத்தம் இருபது பேரைக் கணக்கில் எடுக்கிறார்கள்: முதல் ஒன்பது பேர், அதே 1908ல் சேர்ந்த ஏழு பேர், 1913ல் சங்கத்தைச் சட்டப்படி பதிவு செய்த நால்வர். ஆளுக்கு ஒன்றாக இருபது முத்து. 2021 ஜனவரி 20 அன்று கமலா பதவியேற்றபோது ஊர் ஊராகப் பெண்கள் முத்துமாலை போட்டுக்கொண்டதற்குப் பின்னால் இந்தக் கணக்கு இருக்கிறது.

அந்த நால்வர் ஏன் ஐந்து வருடம் கழித்து வந்து பதிவு செய்யவேண்டியிருந்தது? எனக்கு இந்த வரலாற்றிலேயே மிகவும் பிடித்த பகுதி இது. 1912ல் படித்துக்கொண்டிருந்த மாணவிகள் பெயர், நிறம், சின்னம் எல்லாவற்றையும் மாற்றவேண்டும் என்றார்கள். அப்போதுதான் படித்து முடித்திருந்த நெல்லி குவாண்டர், முடியவே முடியாது என்று நின்றார். மாற்றம் கேட்ட இருபத்திரண்டு பேர் பிரிந்து 1913 ஜனவரி 13ல் டெல்டா சிக்மா தீட்டாவைத் தொடங்கினார்கள். குவாண்டரும் மற்ற மூவரும் அதே மாதம் 29ஆம் தேதி பழைய பெயரைப் பதிவு செய்துவிட்டார்கள். வெறும் நிறத்துக்காகவா சண்டை என்று கேட்பவர்கள் அடுத்து நடந்ததைப் பார்க்கவேண்டும். மார்ச் 3ஆம் தேதி வாஷிங்டனில் நடந்த பெண்கள் வாக்குரிமைப் பேரணியில், கறுப்பினப் பெண்கள் கடைசியில் நடந்தால் போதும் என்று சொல்லப்பட்ட பேரணி அது, டெல்டா பெண்கள் போய் நடந்தார்கள். பிறந்து இரண்டு மாதம்கூட ஆகாத சங்கம்! சங்கம் எதற்காக என்ற கேள்விதான் நிறம், பெயர் என்ற உருவத்தில் வந்திருக்கிறது என்று நான் நினைக்கிறேன். இரண்டு பக்கமும் அந்தக் கேள்விக்கு உண்மையாக இருந்தார்கள். டெல்டாவின் நிறம் கருஞ்சிவப்பும் பாலேட்டு நிறமும், அவர்களை அடையாளம் காட்டுவது யானை.

இப்படி ஒன்பது கறுப்பினச் சங்கங்கள் இன்று இருக்கின்றன, நான்கு பெண்களுடையவை, ஐந்து ஆண்களுடையவை. 'டிவைன் நைன்' என்பார்கள். காலைத் தரையில் தட்டி, கையைத் தட்டி, ஒரே உடம்பு போல ஆடும் ஸ்டெப் ஆட்டம் இவர்களுடைய பெருமை. ஒரு சங்கத்தின் கூவலையோ கைச்சைகையையோ வெளியாள் விளையாட்டாகச் செய்தால் கோபம் வரும், அந்தக் கோபம் நியாயமானதுதான்.

ஒன்றை மறைக்க மாட்டேன். சேர வரும் புதியவர்களைத் துன்புறுத்தும் பழக்கம், நம் ஊர் ராகிங் மாதிரி, அமெரிக்கச் சங்கங்களில், கறுப்பு வெள்ளை வித்தியாசமில்லாமல், உயிர்களைக் குடித்திருக்கிறது. 1990ல் இந்தச் சங்கங்கள் கூடி, பழைய சேர்க்கை முறையையே விட்டுவிடுவது என்று முடிவு செய்தன. ஆனாலும் மறைவாக நடப்பது நிற்கவில்லை. அடி வாங்கினால்தான் அக்காள் தங்கை ஆகமுடியும் என்று சொல்பவர்கள் அந்த இருபது பேரையும் அவமதிக்கிறார்கள்.

ஏனென்றால் இந்த உறவு பட்டம் வாங்கியதோடு முடிவதில்லை. ஆசிரியராக, மருத்துவராக ஆன பிறகும் ஊருக்கு ஊர் கிளை வைத்து வேலை செய்கிறார்கள். 1935 கோடையில் டாக்டர் டோரதி ஃபெரபீ தலைமையில் ஆல்ஃபா கப்பா ஆல்ஃபா பெண்கள் தங்கள் கார்களிலேயே மிசிசிப்பிக்குப் போனார்கள். பருத்தித் தோட்டக் குத்தகைக் குடும்பங்களின் குழந்தைகளுக்கு வைத்தியம் பார்ப்பதற்காக. தோட்ட முதலாளிகள் ஆட்களை வெளியே அனுப்பத் தயாராக இல்லை. சரி, அவர்கள் வரமுடியாவிட்டால் நாம் போவோம் என்று காரையே ஆஸ்பத்திரியாக்கி, தோட்டத்துக்குள்ளேயே போய், பெரியம்மைக்கும் தொண்டை அடைப்பானுக்கும் ஊசி போட்டார்கள். சம்பளம் கிடையாது, விடுமுறையைச் செலவழித்துச் செய்த வேலை. கோடைதோறும் போனார்கள். இரண்டாம் உலகப்போரில் பெட்ரோலுக்கு ரேஷன் வந்த 1942 வரைக்கும் அந்தக் கார்கள் ஓடின.

நன்றி, வணக்கம்.