தாவாமல் நின்று கேட்ட பாட்டு

நேயர்களுக்கு வணக்கம். பழைய வீடியோ கேம் இசையை எடுத்து ரீமிக்ஸ் பண்ணுவதுதான் என் பொழுதுபோக்கு என்று சொன்னால், கேட்பவர்கள் முதலில் நரைக்கத் தொடங்கிய என் தலையைப் பார்ப்பார்கள், அப்புறம் பேச்சை மாற்றுவார்கள். நீங்கள் என்னைப் பார்க்க முடியாது, அதுவரைக்கும் தப்பித்தேன்.

90களில் டிவியோடு மாட்டி விளையாடுகிற பெட்டி உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ இருந்திருக்கும். மஞ்சள் கேசட், சொருகினால் படம் வராது, வெளியே எடுத்து ஊதிவிட்டு மறுபடி சொருக வேண்டும், ஞாபகம் வருகிறதா? நமக்குக் கிடைத்தது நகல்தான். அசல் ஜப்பானில் நிண்டெண்டோ போட்டது. மீசைக்கார மரியோ ஓடுகிற சூப்பர் மரியோ பிரதர்ஸ் 1985இல் வந்தது, இசை கோஜி கோண்டோ.

எங்கள் வீட்டில் ஆளுக்கு ஒரு லைஃப் என்பது ஒப்பந்தம். என் முறை வந்தால் நான் மரியோவை நகர்த்தவே மாட்டேன். நகராவிட்டால் எதிரியும் வரமாட்டான், அந்த ரகசியம் எனக்குத் தெரியும். மேலே நேரம் 400இலிருந்து குறைந்துகொண்டே வரும், நான் பாட்டுக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். தம்பி பக்கத்தில் துடிப்பான். "தாவுண்ணே! தாவித் தொலைண்ணே!" நான் தாவமாட்டேன். ஏன் என்றால், தாவினால் பாட்டில் ஓட்டை விழுகிறது. 100க்குக் கீழே போனதும் பாட்டு தலைதெறிக்க ஓட ஆரம்பிக்கும், அதுவரை இரண்டு நிமிஷம் என்னுடையது. அம்மாவிடம் புகார் போய் முதுகில் இரண்டு விழுந்ததும் உண்டு.

ஓட்டை ஏன் விழுகிறது என்பது இருபது வருஷம் கழித்துத்தான் புரிந்தது. அந்தப் பெட்டியில் பாட்டுக்கு மொத்தம் ஐந்து குரல், மரியோவில் பயன்படுவது நான்கு. இரண்டு பேர் மெட்டு வாசிக்கிறார்கள், நாதஸ்வரத்தில் ஜோடி மாதிரி. மூன்றாமவர் கீழே கனமாக பேஸ் வாசிப்பவர், அவருக்குச் சத்தத்தைக் கூட்டக் குறைக்கத் தெரியாது, வாசிப்பார் அல்லது நிறுத்துவார், அவ்வளவுதான். நான்காவது வெறும் இரைச்சல். ரேடியோவில் ஒரு நிலையத்திலிருந்து இன்னொன்றுக்குத் திருப்பும்போது உஸ்ஸென்று வருமே, அதைத் துண்டு துண்டாக நறுக்கித் தாளமாக்கி இருக்கிறார்கள்! தாவுகிற சத்தத்துக்கும் காசு எடுக்கிற சத்தத்துக்கும் தனி ஆள் கிடையாது, மெட்டு வாசிக்கிறவர்களில் ஒருவர் வாத்தியத்தை இறக்கிவிட்டு அந்தச் சத்தத்தைப் போட்டுவிட்டுத் திரும்பி வரவேண்டும். ஆக, விழுந்தடித்து விளையாடினவர்கள் யாரும் அந்தப் பாட்டை முழுசாகக் கேட்டதே இல்லை. திரும்பவும் சொல்கிறேன், ஆயிரம் தடவை விளையாடி இருந்தாலும் முழுசாகக் கேட்டதில்லை.

கம்ப்யூட்டரில் ஒவ்வொரு குரலையும் தனித்தனியாக ஊமையாக்கிக் கேட்க இப்போது வசதி இருக்கிறது. முதல் தடவை மெட்டை நிறுத்திவிட்டு பேஸை மட்டும் கேட்ட ராத்திரி தூக்கமே வரவில்லை. அது சும்மா துணைக்குப் போகிறது என்று நினைத்திருந்தேன், அதுவே துள்ளிக்கொண்டு தனிப் பாட்டாக ஓடுகிறது.

சரி, ரீமிக்ஸ். என் முதல் முயற்சியில் வயலின், கிடார், தவில் என்று கைக்குக் கிடைத்ததை எல்லாம் சேர்த்தேன். மனைவி கேட்டுவிட்டு, "ஒரே மண்டபத்துல ரெண்டு கல்யாணமாங்க?" என்றார். சேர்க்கச் சேர்க்கப் பாட்டு காணாமல் போகிறது. இப்போது நான் முதலில் செய்கிற வேலை குறைப்பதுதான். தண்ணீருக்குள் நீந்துகிற கட்டத்துக்கு வரும் பாட்டு மூன்று மூன்றாக நடக்கிறது, அதற்குத் திஸ்ர நடையில் கஞ்சிரா மட்டும் வைத்தேன். வேறு ஒன்றும் இல்லை. நான் செய்ததில் எனக்குப் பிடித்தது அது ஒன்றுதான், தம்பிக்கு அனுப்பினேன், "இப்பவும் தாவ மாட்டியா" என்று பதில் வந்தது.

இந்த வேலையைத் தொடங்க என்ன மென்பொருள் வேண்டும் என்று விரிவாகச் சொல்ல நினைத்தேன், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுகிறார்கள். இலவசமாக எல்.எம்.எம்.எஸ். என்று ஒன்று இருக்கிறது, அதில் ஆரம்பியுங்கள். ஒன்று மட்டும், மெட்டு நம்முடையது இல்லை, உரிமை நிண்டெண்டோவிடம் இருக்கிறது, அதனால் காசுக்கு விற்கப் போகாதீர்கள். வணக்கம்.