கழுத்தெலும்புல இருக்குற குழிய பாருங்க

வணக்கம் நேயர்களே. சிங்கப்பூர்ல கென்ட் ரிட்ஜ்ல, என்யுஎஸ்ங்குற தேசியப் பல்கலைக்கழகத்துக்குள்ள லீ கோங் சியான் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் இருக்கு, 2015ல திறந்தது. அங்க மூணு நீளக்கழுத்து டைனோசர் நிக்குது, பிரின்ஸ், அப்போலோனியா, ட்விங்கின்னு பேரு, அமெரிக்காவுல வயோமிங்ல தோண்டி எடுத்த எலும்புங்க, சுமார் 15 கோடி வருஷம் பழசு. இருக்குறதுலயே சின்னது ட்விங்கி, அதுவே 12 மீட்டர், நம்ம பஸ் ஒண்ணோட நீளம். பிள்ளைங்கள கூட்டிட்டு போறவங்க முன்னாடி நின்னு ஒரு போட்டோ எடுத்துட்டு நகர்ந்துடுறாங்க. தயவுசெஞ்சு அந்த கழுத்தெலும்ப கொஞ்ச நேரம் நின்னு பாருங்க.

ஒவ்வொரு எலும்போட பக்கத்துலயும் குழி குழியா இருக்கும். அதெல்லாம் உயிரோட இருந்தப்போ காத்துப்பை போய் ஒட்டியிருந்த இடம். இன்னைக்கு பறவைங்களுக்கு நுரையீரலோட சேர்ந்து காத்துப்பை இருக்குல்ல, அதே மாதிரி ஏற்பாடுதான். அதனால எலும்பு பலமாவும் இருந்துச்சு, எடையும் குறைஞ்சுச்சு, அவ்ளோ நீளமான மூச்சுக்குழாய் வழியா போதுமான காத்த இழுக்கவும் முடிஞ்சுச்சு. ஒரு காலத்துல விஞ்ஞானிங்களே இவ்ளோ பெரிய உடம்பு தரையில நிக்காது, ஏரிக்குள்ள முங்கி தலைய மட்டும் வெளிய நீட்டிதான் வாழ்ந்திருக்கும்னு நெனச்சாங்க, ஆனா 1951ல கெர்மாக்னு ஒருத்தர், அந்த ஆழத்துல தண்ணியோட அழுத்தத்துக்கு நெஞ்சு விரியவே விரியாது, மூச்சே விட முடியாதுன்னு எடுத்துச் சொன்னார்.

இன்னொரு ரகசியம் வாயில இருக்கு. இதுங்க மெல்லவே இல்ல! யானைக்கு மெல்லணும், அதுக்கு பெரிய கடைவாய்ப்பல்லு, பெரிய தாடை, அதனால தலை கனம், கழுத்து குட்டை. டிப்ளோடோகஸ்ங்குற நீளக்கழுத்து டைனோசருக்கு வாயோட முன்னாடி மட்டும் பென்சில் மாதிரி பல்லு, இலைய உருவி அப்படியே முழுங்கிடும், மிச்ச வேலைய வயிறு பாத்துக்கும். பல்லு சீக்கிரம் தேயும், ஆனா சுமார் 35 நாளைக்கு ஒரு தடவ புதுப்பல்லு வந்துடும். தலை சின்னதா இருந்ததாலதான் கழுத்து அவ்ளோ தூரம் நீள முடிஞ்சுச்சு. ஆனா அந்த சின்ன தலையோட எலும்பு ரொம்ப மெல்லிசு, கழுத்துலேருந்து சீக்கிரம் கழண்டுடும், அதான் மண்டையோடு கிடைக்கிறது அபூர்வம்.

நமக்கு நெருக்கமான ஒண்ணும் சொல்லணும். அரியலூர் பக்கம் கல்லமேடுல கிடைச்ச எலும்புங்களுக்கு 1987ல யாதகிரியும் அய்யாசாமியும் புருஹத்காயோசாரஸ்னு பேரு வச்சாங்க. கால் எலும்பு ஒண்ணு மட்டுமே 2 மீட்டர். முதல்ல அத ஊன் தின்னுற வகைன்னு எழுதினாங்க, அப்புறம்தான் நீளக்கழுத்து இனம்னு கருத்து மாறுச்சு. உலகத்துலயே பெரிய டைனோசர்ங்கள்ல ஒண்ணா இருக்கலாம்னு இன்னைக்கும் பேசுறாங்க, ஆனா அந்த எலும்பு இப்ப இல்ல, மழைக்கால ஈரத்துல நொறுங்கிப் போச்சு, படமும் அளவும்தான் மிச்சம். எனக்கு இது உண்மையிலேயே பெரிய வருத்தம், ஏன்னா எலும்பு கையில இருந்தா இன்னைக்கு இருக்குற ஸ்கேன வச்சு உள்ள எவ்ளோ காத்து, எவ்ளோ வேகமா வளந்துச்சுன்னு பாத்திருக்கலாம், படத்த வச்சு அது முடியாது. வெயில் மழை படாம கூரைக்குள்ள வச்சிருக்குற எலும்பு நமக்கு கென்ட் ரிட்ஜ்லயே இருக்கு, இந்த லீவுக்கு பிள்ளைங்கள கூட்டிட்டு போங்க, அந்த குழி எதுக்குன்னு நீங்களே சொல்லிக் குடுங்க. நன்றி, வணக்கம்.