காற்றும் பெட்ரோலும் எங்கே கலக்கின்றன?

[திரையில்: ஏர் ஃபில்டரை அடுத்த ரப்பர் குழாய்க்குள் ஒரு சின்னத் தகர விசிறி செருகப்படுகிறது]

வணக்கம். இந்த விசிறியை ஆன்லைனில் பார்த்திருப்பீர்கள். இதைச் செருகினால் காற்று சுழன்று போகும், பெட்ரோல் நன்றாகக் கலக்கும், மைலேஜ் ஏறும் என்று சொல்லி விற்கிறார்கள். காற்று சுழல்வது எரிப்புக்கு நல்லது என்பது உண்மைதான். ஆனால் அது சுழல வேண்டிய இடம் இந்தக் குழாய் இல்லை. எந்த இடம் என்று பார்ப்போம்.

ஒரு கிலோ பெட்ரோல் முழுதாக எரிய ஏறக்குறைய 14.7 கிலோ காற்று வேண்டும். எஞ்சின் 6,000 ஆர்பிஎம்மில் ஓடும்போது பிஸ்டன் மேலிருந்து கீழே வர 5 மில்லி செகண்டுதான் ஆகிறது. பெட்ரோல் ஆவியாகிக் காற்றோடு சேர்வதற்கு அவ்வளவுதான் அவகாசம், கூடவே கலவையை அழுத்தும் கம்ப்ரஷனுக்கு இன்னொரு 5 மில்லி செகண்டு.

[திரையில்: இன்டேக் போர்ட்டின் குறுக்குவெட்டு. மூடிய வால்வின் முதுகில் இன்ஜெக்டர் பீய்ச்சுகிறது]

வால்வுக்குப் போகும் காற்று வழிக்குப் போர்ட் என்று பெயர். பெட்ரோலை அங்கே பீய்ச்சுவதுதான் போர்ட் இன்ஜெக்‌ஷன். பெரும்பாலான போர்ட் இன்ஜெக்‌ஷன் எஞ்சின்களில் வால்வு திறப்பதற்கு முன்பே பெட்ரோலைப் பீய்ச்சிவிடுவார்கள். அதற்குக் காரணம் சூடு. தோசைக்கல்லில் தெளித்த தண்ணீர் மாதிரி, சூடான வால்வின் முதுகில் விழும் பெட்ரோல் சட்டென்று ஆவியாகும். காலையில் குளிர்ந்த எஞ்சினில் இந்த உதவி கிடைக்காது. பெட்ரோல் போர்ட் சுவரில் ஈரப்படலமாக ஒட்டிக்கொள்ளும், எளிதில் ஆவியாகும் பகுதி மட்டும் உள்ளே போகும். அதை ஈடுகட்ட எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினியான ஈசியு கூடுதலாகப் பீய்ச்சும். கார்ப்ரேட்டர் காலத்தில் சோக் செய்த வேலையும் இதேதான். எரியாத பெட்ரோல் புகையில் அதிகம் வெளியேறுவதும் இந்த முதல் ஓரிரு நிமிடங்களில்தான்.

சரி, ஆவியானால் மட்டும் போதுமா? போதாது.

[திரையில்: பழைய ஒற்றை சிலிண்டர் எஞ்சினின் கோட்டோவியம்]

1912-ல் பிரிட்டனைச் சேர்ந்த எஞ்சின் பொறியாளர் டுகால்ட் கிளார்க் அழகான ஒரு சோதனை செய்தார். கலவையை உள்ளே இழுத்ததும் வால்வுகளை மூடியே வைத்து, பற்றவைக்காமல் பிஸ்டனை மேலும் கீழும் ஓடவிட்டார். அதற்குப் பிறகுதான் தீப்பொறி. கலவை அதேதான், ஆனால் எரிந்து முடிய வழக்கத்தைவிட வெகுநேரம் பிடித்தது. உள்ளே வரும்போது காற்றில் இருந்த கொந்தளிப்பு அதற்குள் அடங்கிப்போயிருந்ததுதான் காரணம். வேகமாகச் சுற்றும் எஞ்சின் ஓடுவதே அந்தக் கொந்தளிப்பால்தான். இன்னொரு பிரிட்டிஷ் பொறியாளர் ஹாரி ரிக்கார்டோ அடுத்த சில ஆண்டுகளில் இந்தப் புரிதலை வைத்தே, சிலிண்டரின் பக்கத்தில் வால்வுகள் இருக்கும் சைடு வால்வு எஞ்சினின் ஹெட், அதாவது சிலிண்டரின் மேல்மூடி, வடிவத்தை மாற்றினார்.

[திரையில்: சிலிண்டருக்குள் காற்று குட்டிக்கரணம் அடிக்கும் அனிமேஷன்]

இன்றைய நான்கு வால்வு எஞ்சினில் இந்த வேலையைப் போர்ட்டின் வடிவம் செய்கிறது. இதைக் கவனமாகப் பாருங்கள். காற்று வால்வின் மேல் விளிம்பைத் தாண்டி, எதிர்ச் சுவரில் இறங்கி, பிஸ்டன் தலையைத் தடவித் திரும்பி மேலே ஏறுகிறது. இதற்குப் பெயர் டம்பிள். பிஸ்டன் மேலே வரவர அந்தப் பெரிய சுழலுக்கு இடம் இல்லாமல் போய், பிளக் பொறி விடும் நேரத்தில் ஆயிரம் சின்னச் சுழல்களாக உடைகிறது. தீயின் முகம் கசங்கி அதன் பரப்பு பெருகுவதால் எரிப்பும் வேகமாகிறது.

இப்போது விசிறிக்கு வருவோம். போர்ட் இன்ஜெக்‌ஷன் வண்டியில் அந்தக் குழாய்க்குள் பெட்ரோலே கிடையாது. அது உண்டாக்கும் சுழலும் காற்றின் அளவைக் கட்டுப்படுத்தும் த்ராட்டில் தட்டிலும், காற்றைச் சிலிண்டர்களுக்குப் பிரித்து அனுப்பும் மேனிஃபோல்டு வளைவுகளிலும் மோதி அழிந்துவிடும். வால்வின் குறுகிய இடைவெளியில் பாயும் காற்று வேறு திசையை எடுத்துக்கொள்கிறது. மிஞ்சுவது காற்றுக்கு ஒரு தடை மட்டும். அமெரிக்காவின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை மைலேஜ் கூட்டும் என்று விற்ற நூற்றுக்கும் மேற்பட்ட கருவிகளை ஆராய்ந்திருக்கிறது. குறிப்பிடும்படி மைலேஜ் கூட்டிய ஒன்றும் அகப்படவில்லை. தயவுசெய்து இதற்குப் பணம் கொடுக்காதீர்கள்.

[திரையில்: இரண்டு வால்வு சீட்டுகள் அருகருகே]

உண்மையான முன்னேற்றம் எப்படி வருகிறது என்பதற்கு டொயோட்டா 2016-ல் அறிவித்த 2.5 லிட்டர் டைனமிக் ஃபோர்ஸ் எஞ்சின் நல்ல உதாரணம். போர்ட்டை டம்பிளுக்காக வடிவமைத்தால் பொதுவாகக் காற்றின் அளவு குறையும். அவர்கள் வால்வு மூடும்போது உட்காரும் இடமான வால்வு சீட்டுக்கு வளையத்தை அழுத்திப் பொருத்தாமல், லேசரால் உலோகத்தை ஹெட்டிலேயே உருக்கிப் படியவைத்தார்கள். வளையத்தின் தடிமன் போனதால் போர்ட்டை நேராகச் செதுக்க இடம் கிடைத்தது. அதிகபட்ச வெப்பத் திறன், அதாவது பெட்ரோலின் ஆற்றலில் வேலையாக மாறும் பங்கு, 40 சதவீதம், ஹைப்ரிட் வகையில் 41. சீட்டில் மிச்சமான அந்தச் சின்ன இடத்துக்கும் இதில் பங்கு உண்டு!

டைரக்ட் இன்ஜெக்‌ஷனில் பெட்ரோல் நேரே சிலிண்டருக்குள் போகிறது, துளிகளும் மிக நுண்மையானவை. ஆனால் வால்வின் முதுகைக் கழுவ அங்கே பெட்ரோல் வருவதில்லை. எண்ணெய் ஆவி படிந்து கரி கட்டி, பார்த்துப் பார்த்துச் செதுக்கிய போர்ட்டின் வடிவத்தையே கெடுத்துவிடும். சில டொயோட்டா எஞ்சின்களில் போர்ட்டில் ஒன்று, சிலிண்டரில் ஒன்று என இரண்டு இன்ஜெக்டர் வைப்பதன் நன்மைகளில் ஒன்று இந்தக் கழுவல். உங்களுடையது டைரக்ட் இன்ஜெக்‌ஷன் மட்டும் உள்ள வண்டி, பிக்கப் மந்தமாகிவிட்டது என்றால், கேமரா விட்டு வால்வின் முதுகைப் பார்க்கச் சொல்லுங்கள். கரி தடித்திருந்தால் வால்நட் ஓட்டுத் தூளைக் காற்றழுத்தத்தில் அடித்து எடுப்பார்கள். அடிக்கும் போர்ட்டின் வால்வுகள் மூடியிருக்கின்றனவா என்று மட்டும் முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள், தூள் சிலிண்டருக்குள் இறங்கக் கூடாது.