அவனைத் தேட ஆள் இருக்கிறதா?

நேயர்களுக்கு அன்பு வணக்கம்.

30 வருஷத்துக்கும் மேல் தொடக்கப் பள்ளியில் பாடம் நடத்தியவள் நான். "அந்தப் பையன் அடங்கவே மாட்டேங்கிறான் டீச்சர், என்ன செய்யலாம்?" என்று சக ஆசிரியர்கள் கேட்டுக்கொண்டே இருப்பார்கள். நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான். ஒரு நாள் அவன் வரவில்லை என்றால், "எங்கே அவன்?" என்று வகுப்பில் யாராவது தேடுவார்களா? தேட ஆள் இல்லாத பிள்ளைதான் பெரும்பாலும் அடங்காத பிள்ளையாக இருக்கிறான். இது என் அனுபவம்.

இரண்டாம் வகுப்பில் எனக்கு ஒரு பையன் இருந்தான். இடைவேளை மணி அடித்து வரிசையில் நின்றதும், முன்னால் நிற்பவனைத் தள்ளிவிடுவான். தினமும் இதே கதை. அதட்டினேன். வரிசையின் கடைசியில் நிறுத்தினேன். வகுப்புக்கு வெளியேகூட நிறுத்தினேன், அந்த நாட்களில் இன்னும் மூர்க்கமாகத் திரும்பி வந்தான். ஒரு நாள் வரிசையை விட்டுவிட்டு அவனை மட்டும் பார்த்துக்கொண்டு நின்றேன். மணி அடித்த நொடியில் இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டான். தோள் விறைத்துப்போயிற்று. 40 பிள்ளைகளும் பெஞ்சை இழுத்துக்கொண்டு எழுந்தார்கள். அந்த இரைச்சலிலிருந்து தப்பிக்க அவனுக்கு ஒரே வழிதான் தெரிந்திருந்தது: முன்னால் நிற்பவனைத் தள்ளுவது.

மறுநாளிலிருந்து, மணி அடிக்க இரண்டு நிமிஷம் இருக்கும்போது வருகைப் பதிவேட்டை அலுவலகத்தில் கொடுத்துவரும் வேலையை அவனிடம் ஒப்படைத்தேன். கூட ஒரு துணை, நாளுக்கு ஒருவராக. "தள்ளுறவனுக்குப் பரிசா?" என்று ஒரு ஆசிரியை வருத்தப்பட்டார். கண்பார்வை மங்கலான பிள்ளையை முன் பெஞ்சில் உட்கார வைக்கிறோம், அதை யாரும் பரிசு என்று சொல்வதில்லையே! தள்ளுவது உடனே நின்றுவிடவில்லை, பல வாரம் ஆனது. ஆனால் மூன்றாவது வாரமே, "இன்னைக்கு அவன்கூட நான்தான் போவேன்" என்று இரண்டு பேர் போட்டி போட்டார்கள்.

1994-இல் ஸ்பெயினில் உள்ள சலமான்காவில் 92 நாடுகளின் அரசுகள் கூடி, சிறப்புத் தேவை உள்ள குழந்தைகளைப் பொதுப் பள்ளிகள் சேர்த்துக்கொண்டு, அவர்களுக்கு ஏற்பத் தம்மை அமைத்துக்கொள்ள வேண்டும் என்று அறிவித்தன. இது பெரிய கட்டடம், பெரிய செலவு சம்பந்தப்பட்டது என்றுதான் பலர் நினைக்கிறார்கள். பாதி வேலை மணியடிக்கும் அந்த இரண்டு நிமிஷத்தில் இருக்கிறது.

கரும்பலகையில் சேட்டைக்காரர்களின் பெயரை எழுதிப் போடும் பழக்கத்தை மட்டும் தயவுசெய்து விட்டுவிடுங்கள். வருஷத் தொடக்கத்தில் ஏறிய அதே நாலு பெயர்தான் கடைசி மாதத்திலும் இருக்கும். மற்ற பிள்ளைகளுக்கு யாரோடு சேரக் கூடாது என்று நாமே சொல்லிக் கொடுத்ததாக ஆகிறது. 1989-ஆம் வருஷத்து ஐ.நா. குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 28-ஆவது பிரிவு, பள்ளி ஒழுங்கு குழந்தையின் மாண்புக்கு ஏற்றதாக இருக்க வேண்டும் என்கிறது. ஏழு வயசுக்கும் மானம் உண்டு.

சரி, பாராட்டுவது எப்படி? "வெரிகுட்" காற்றோடு போய்விடும். "அவள் கை நிறைய நோட்டு இருந்ததைப் பார்த்துக் கதவைப் பிடித்துக்கொண்டாயே, கவனித்தேன்" என்று சொல்லிப் பாருங்கள். அந்தப் பிள்ளை மறுநாளும் கதவருகே நிற்கும். ஆசிரியர் மட்டும் இப்படிப் பேசினால் போதாது. ஆயா, காவலர், வேன் ஓட்டுநர், பெற்றோர் எல்லோரும் ஒரே மாதிரி பேச வேண்டும்.

அப்புறம், விளையாட்டில் தலைவர்கள் இருவர் ஆள் பிரிப்பது. கடைசியாக நிற்கும் பிள்ளையின் முகத்தைப் பார்த்திருக்கிறீர்களா? ஒன்று, இரண்டு என்று எண்ணிப் பிரித்தால் அரை நிமிஷத்தில் முடிகிற வேலை.

1971-இல் அமெரிக்காவின் ஆஸ்டின் நகரில், அதுவரை தனித்தனியாகப் படித்த வெவ்வேறு இனப் பிள்ளைகள் ஒரே வகுப்பில் சேர்ந்தபோது பகை மூண்டது. எலியட் அரோன்சன் என்ற உளவியலாளர் பாடத்தைத் துண்டு துண்டாக்கி, சிறு குழுவில் ஆளுக்கு ஒரு துண்டு கொடுக்க வைத்தார். ஒருவர் சொல்வதைக் கேட்காமல் இன்னொருவர் பாடத்தை முடிக்க முடியாது. நானும் என் வகுப்பில் செய்து பார்த்தேன். திக்கிப் பேசும் ஒரு சிறுமிக்கு விதை முளைப்பது பற்றிய துண்டு. முதல் வார்த்தையே வரவில்லை. எப்போதும் அவளை முந்திக்கொண்டு பேசுகிற பையன் பென்சிலோடு காத்திருந்தான். அவள் முளை என்று சொல்லி முடித்ததும் அவன் சொன்னான்: "மெதுவாவே சொல்லு. நான் எழுதிக்கணும்."

நன்றி, வணக்கம்.