டான் ஐமஸும் பாரிமுனை ஷேர் ஆட்டோவும்

வணக்கம். பழைய வண்ணாரப்பேட்டையில் எங்கள் வீட்டு மொட்டை மாடியிலிருந்து பேசுகிறேன். பின்னால் கேட்கும் இரைச்சல் கொருக்குப்பேட்டைப் பக்கம் போகும் சரக்கு ரயிலுடையது. அது பெரிதானால் சற்று நிறுத்தி, அது போன பிறகு தொடர்கிறேன்.

அமெரிக்க வானொலித் தொகுப்பாளர் டான் ஐமஸைப் பற்றித்தான் இன்று முழுக்கப் பேசப்போகிறேன். 1940இல் கலிபோர்னியாவில் பிறந்தவர், 2019 டிசம்பரில் இறந்தார். இங்கிருந்துகொண்டு அவரைப் பற்றிப் பேச எனக்கு என்ன இருக்கிறது என்று நீங்கள் கேட்கலாம். எங்கள் பள்ளிக் கூடைப்பந்து அணி ஒரு மாலை ஷேர் ஆட்டோவில் கேட்டுவந்த ஒலிபரப்புக்கும் அவருக்கும் தொடர்பு இருக்கிறது. முதலில் அவருடைய கதையைச் சொல்லிவிடுகிறேன்.

அமெரிக்க மரைன் படையில் எக்காளம் ஊதியவர், ரயில்வேயில் வேலை பார்த்தவர், 1968இல் கலிபோர்னியாவின் ஒரு சிறிய நிலையத்தில் வானொலிக்கு வந்தார். சேக்ரமெண்டோவில் இருந்தபோது, படைவீரர்போல ஓர் உணவகத்துக்குத் தொலைபேசியில் பேசி, 1,200 ஹாம்பர்கர்களைக் கட்டித் தரச் சொன்னார். அதை நேயர்கள் கேட்டுச் சிரித்தார்கள். 1971 டிசம்பரில் நியூயார்க்கின் டபிள்யூஎன்பிசி நிலையத்துக்குப் போனார். 1977இல் வேலை போனது, 1979இல் அதே நிலையத்துக்குத் திரும்பினார். குடியும் போதையும் அவரை வாட்டின, சிகிச்சை எடுத்து மீண்டார். 1996இலிருந்து அவருடைய காலை நிகழ்ச்சி எம்எஸ்என்பிசி தொலைக்காட்சியிலும் நேரலையாக ஓடியது. செனட்டர்களும் மூத்த பத்திரிகையாளர்களும் புத்தகம் எழுதியவர்களும் அதில் பேச விரும்பி வந்தார்கள். புற்றுநோயால் பாதிக்கப்பட்ட குழந்தைகளுக்காக மனைவியோடு சேர்ந்து நியூ மெக்சிகோவில் ஒரு பண்ணையும் நடத்தினார். அதையும் சொல்லாமல் விடுவது நியாயமாகாது.

1996 மார்ச்சில் வாஷிங்டனில் நடந்த ஒரு விருந்தில், அதிபர் கிளிண்டனையும் அவர் மனைவியையும் எதிரே உட்கார வைத்துக்கொண்டே அவர்களுடைய சொந்த வாழ்க்கையைக் கிண்டல் செய்தார். அது நாகரிகக் குறைவு என்று பலர் சொன்னார்கள். எனக்கு அதில் பெரிய வருத்தம் இல்லை. நாட்டின் அதிபருக்குப் பதில் சொல்ல ஆயிரம் வழிகள் உண்டு, மறுநாள் காலை எந்த ஒலிவாங்கியும் அவர் முன்னால் வந்து நிற்கும். என் மனம் ஆறாமல் இருப்பது 2007ஆம் ஆண்டு ஏப்ரல் 4ஆம் தேதி காலையில் நடந்ததற்காக.

அதற்கு முந்தைய இரவு, ரட்கர்ஸ் பல்கலைக்கழகப் பெண்கள் கூடைப்பந்து அணி தேசியச் சாம்பியன் பட்டத்துக்கான இறுதிப் போட்டியில் டென்னசியிடம் 59க்கு 46 என்று தோற்றிருந்தது. அந்த அணி பருவத்தைத் தொடங்கியபோது முதல் ஆறு ஆட்டங்களில் நான்கில் தோற்ற அணி. ஐந்து பேர் முதலாமாண்டு மாணவிகள். பயிற்சியாளர் விவியன் ஸ்ட்ரிங்கர் அவர்களைப் பிடித்து இழுத்து மேலே கொண்டுவந்தார். முதல் தர வரிசையில் இருந்த டியூக் அணியை ஒரே ஒரு புள்ளியில் வென்று இறுதி வரை வந்தவர்கள் அவர்கள். நானும் விளையாடியவள் என்பதால் சொல்கிறேன், அப்படி ஓர் அணி இறுதிப் போட்டியில் நிற்பதே ஒரு வெற்றிதான்.

மறுநாள் காலை ஐமஸ் அவர்களை முரட்டுப் பெண்கள் என்றார், உடலில் பச்சை குத்தியிருக்கிறார்கள் என்றார். அவருடைய தயாரிப்பாளர் நடத்தையைப் பழிக்கும் ஒரு கெட்ட வார்த்தையை எடுத்துக்கொடுக்க, ஐமஸ் அதை வாங்கி அவர்களுடைய முடியையும் சேர்த்துத் திருப்பிச் சொன்னார். முடியைப் பற்றிய அந்தச் சொல்லை இங்கே நான் உச்சரிக்க மாட்டேன். கறுப்பின மக்களின் சுருண்ட முடியை அடிமைக் காலம் தொட்டு இழிவுபடுத்தி வந்த சொல் அது. ஸ்டுடியோவில் சிரித்தார்கள், நிகழ்ச்சி அடுத்த பேச்சுக்குப் போய்விட்டது.

இப்போது எங்கள் ஆட்டோவுக்கு வருகிறேன். நான் பதினோராம் வகுப்பில் படித்தபோது, மண்டல இறுதிப் போட்டியில் நான்கு புள்ளிகளில் தோற்றுவிட்டு, பாரிமுனையில் திருவொற்றியூர் போகும் ஷேர் ஆட்டோவில் ஏறினோம். எங்கள் பாயின்ட் கார்ட், அதாவது பந்தைக் கொண்டுபோய் ஆட்டத்தை நடத்துபவள், காசிமேட்டுப் பெண், அவளுடைய அம்மா மீன் விற்பவர். தோற்றாலும் அவள் துவளவில்லை. பந்தை மடியில் வைத்துக்கொண்டு, கடைசி இரண்டு நிமிடம் எப்படிப் போனது என்று எங்கள் பேச்சிலேயே சொல்லிக்கொண்டு வந்தாள்: "அந்தப் பொண்ணு என்னாண்ட வந்து இடிச்சுனு போறா, ரெஃப்ரீ பார்த்துனே கீறாரு." ராயபுரம் தாண்டும்போது ஓட்டுநர் அண்ணன் எஃப்எம் சத்தத்தைக் கூட்டினார். ஓர் ஆண் குரல், மீன்கார அம்மாவைப்போலப் பேசி, யாரோ ஓர் அலுவலகக்காரரிடம் தொலைபேசியில் மீன் வாங்கிய பாக்கியைக் கேட்டுக்கொண்டிருந்தது. "இன்னாபா, மீன வாங்கினு துட்டு குடுக்காம பூட்டியே" என்று இழுத்து இழுத்துப் பேசியது. ஆட்டோவில் இருந்தவர்கள் சிரித்தார்கள். எங்களில் இரண்டு பேரும் சிரித்தோம், அந்த இருவரில் நானும் ஒருத்தி. அவள் பந்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டு வெளியே பார்க்கத் தொடங்கினாள். கல்மண்டபத்தில் இறங்கும்வரை ஒரு வார்த்தை பேசவில்லை. மறுநாள் பயிற்சியில் "என்னிடம் கொடு" என்று புத்தகத் தமிழில் பந்து கேட்டாள்.

ஐமஸின் கதையை நான் பல ஆண்டுகள் கழித்துத்தான் படித்தேன். படித்தபோது அந்தப் பந்தைப் பிடித்திருந்த விரல்கள்தான் நினைவுக்கு வந்தன.

அங்கே அடுத்து நடந்ததைக் கவனியுங்கள். முதலில் இதைப் பெரிதுபடுத்த வேண்டாம் என்றார் ஐமஸ். பிறகு மன்னிப்புக் கேட்டார். அவரை இரண்டு வாரம் நிறுத்தி வைப்பதாக, நிகழ்ச்சியை ஒலிபரப்பிய நிறுவனங்கள் அறிவித்தன. ஏப்ரல் 10ஆம் தேதி அந்த மாணவிகளும் பயிற்சியாளரும் பத்திரிகையாளர்கள் முன்னால் வந்து அமர்ந்தார்கள். தங்கள் மகிழ்ச்சியின் நாள்களைத் தங்களிடமிருந்து பறித்துவிட்டார்கள் என்ற வேதனையைக் குரல் உயர்த்தாமல் சொன்னார்கள். அதே நாளில் கறுப்பினப் பெண் பத்திரிகையாளர் க்வென் ஐஃபில் நியூயார்க் டைம்ஸில் ஒரு கட்டுரை எழுதினார். 1990களில் தன்னையும் ஐமஸ், வெள்ளை மாளிகைச் செய்தி சேகரிக்க அனுப்பப்பட்ட துப்புரவுப் பணிப்பெண் என்று கேலி செய்ததை அவர் அதில் நினைவுபடுத்தியிருந்தார். அப்படியென்றால் அத்தனை ஆண்டுகளும் அந்த நிகழ்ச்சிக்குப் போய் உட்கார்ந்த பெரிய மனிதர்கள் இதையெல்லாம் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார்கள். எனக்கு ஐமஸைவிட அவர்கள் மீதுதான் கோபம் அதிகம்.

பிராக்டர் அண்ட் கேம்பிள், ஜெனரல் மோட்டார்ஸ், அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் போன்ற நிறுவனங்கள் விளம்பரத்தை விலக்கிக்கொண்டன. 11ஆம் தேதி எம்எஸ்என்பிசி தொலைக்காட்சியும் 12ஆம் தேதி, அவருடைய நிகழ்ச்சியை வானொலியில் நடத்திய சிபிஎஸ் நிறுவனமும் அவரை நீக்கின. மனசாட்சி விழித்துக்கொண்டது என்று இதைச் சொல்பவர்கள் இருக்கிறார்கள், எனக்கு அது ஒப்பவில்லை. சொல் ஒலிபரப்பானது 4ஆம் தேதி, வேலை போனது 12ஆம் தேதி. விளம்பரப் பணம் வெளியேறியதும் அந்த எட்டு நாள்களுக்குள்தான்.

ஆனால் 12ஆம் தேதி இரவு நடந்த இன்னொன்றை நான் மதிக்கிறேன். வேலை போன பிறகும், பிரின்ஸ்டனில் உள்ள நியூஜெர்சி ஆளுநர் மாளிகைக்கு ஐமஸ் போனார். அந்தச் சந்திப்புக்கு வந்துகொண்டிருந்த ஆளுநர் கோர்சைன், சீட் பெல்ட் போடாமல் கார் விபத்தில் சிக்கிப் படுகாயமடைந்தார். சந்திப்பு அவர் இல்லாமலே நடந்தது. ஏறக்குறைய மூன்று மணி நேரம் அந்த மாணவிகளும் பெற்றோர்களும் அவரிடம் நேருக்கு நேர் பேசினார்கள். மறுநாள் அணி அவருடைய மன்னிப்பை ஏற்றுக்கொண்டது. அவரை வேலையைவிட்டு நீக்கும்படி தாங்கள் கேட்டதே இல்லை என்றும் பயிற்சியாளர் சொன்னார். அந்த ஆண்டு டிசம்பரில் ஐமஸ் வேறொரு நிலையத்தில் மறுபடி ஒலிபரப்புக்கு வந்து, 2018 மார்ச் வரை பேசிக்கொண்டிருந்தார்.

நம் ஊர் நிலைமையையும் சொல்ல வேண்டும். இங்கே தனியார் எஃப்எம் நிலையங்கள் சொந்தமாகச் செய்தி ஒலிபரப்ப முடியாது, ஆகாசவாணியின் செய்தியை அப்படியே எடுத்துப் போடலாம், அவ்வளவுதான். ஆகவே பாட்டுக்கு நடுவில் இருக்கும் நேரத்தை நிரப்ப அரட்டையும் போலித் தொலைபேசி அழைப்பும் வேண்டியிருக்கிறது. அதற்கு ஒரு வேடிக்கைக் குரல் தேவைப்படும்போது, கை சுலபமாக எங்கள் பக்கம் நீள்கிறது. வடசென்னைக்காரர் என்றால் திருடன், சண்டைக்காரி, மீன்காரி, இல்லையென்றால் ரவுடி. ஆகாசவாணியின் நிகழ்ச்சி நெறிமுறை தனியார் எஃப்எம்மையும் கட்டுப்படுத்தும். ஆனால் மீன் கூடையை இறக்கி வைத்துவிட்டு எந்த அம்மா உட்கார்ந்து புகார் எழுதுவார்? ரட்கர்ஸ் மாணவிகளுக்குப் பின்னால் ஒரு பல்கலைக்கழகம் நின்றது, விவியன் ஸ்ட்ரிங்கர் நின்றார். ஆட்டோவில் எங்கள் பாயின்ட் கார்டுக்குப் பக்கத்தில் இருந்தவள் நான், நான் சிரித்துவிட்டேன்.

அவளை இந்த ஆண்டு பொங்கலுக்குச் சந்தித்து, அன்றைக்குச் சிரித்ததற்கு மன்னிப்புக் கேட்டேன். அவளுக்கு எல்லாம் நினைவிருந்தது, எந்த இருவர் சிரித்தோம் என்பதுகூட நினைவிருந்தது. இப்போது அவள் மாநகராட்சி மைதானத்தில் மாலை நேரத்தில் பெண் குழந்தைகளுக்குக் கூடைப்பந்து சொல்லித்தருகிறாள். நான் போன அன்றும் பயிற்சி நடந்துகொண்டிருந்தது. பேச்சை நடுவில் விட்டுவிட்டு, கோட்டருகில் நின்றுவிட்ட ஒரு சிறுமியைப் பார்த்து, மைதானம் முழுக்கக் கேட்கும்படி கத்தினாள்: "இன்னாடி பார்த்துனு நிக்கிற, பந்த வாங்கினு ஓடு!"