பாட்டல்ல, ஏற்பாடே!

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கிற ஆச்சிமார்களே, இடம் கிடைக்காமல் பின்னால் நின்றுகொண்டே கேட்கிற தம்பிமார்களே, எல்லோருக்கும் வணக்கம்.

1939இல் கம்பன் அடிப்பொடி சா. கணேசன் அவர்கள் கம்பன் கழகத்தைத் தொடங்கிய ஊர் காரைக்குடி. குன்றக்குடி அடிகளார் பட்டிமன்றத்தை ஊர் ஊராகக் கொண்டுபோனதும் இந்தச் சீமையிலிருந்துதான். வழக்கைச் சுற்றி வளைத்துப் பேசினால் இந்த ஊர் பொறுக்காது. நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

ஊருணி தூர்வார நிதி வேண்டும் என்று நம் பிள்ளைகள் பொட்டலில் ஒரு ராக் கச்சேரி நடத்தினார்கள். வந்த ரசிகர்களிடம் நினைவில் நிற்பதை எழுதித் தரச் சொன்னார்கள். அந்தக் குறிப்புகளைப் படித்த பிறகு பிறந்ததுதான் இன்றைய தலைப்பு: நிதிக் கச்சேரி நெஞ்சில் நிற்பது பாட்டாலா, ஏற்பாட்டாலா? ஏற்பாட்டாலேயே என்று வாதாட வந்திருக்கிறேன்.

எதிரணித் தலைவர் அந்தக் குறிப்புகளில் மூன்றை வாசித்தார். “டிரம்ஸ் அடி நெஞ்சுக்குள்ள விழுந்துச்சு.” “கடைசி வரிசையிலயும் ஒவ்வொரு வார்த்தையும் கேட்டுச்சு.” “மூணாவது பாட்டுல கிட்டார் தனியா அழுதுச்சு.” மூன்றும் பாட்டுக்குச் சாட்சி என்று சொல்லி உட்கார்ந்தார். நடுவர் அவர்களே, அந்த மூவரும் என் கட்சிச் சாட்சிகள். விசாரித்துப் பார்ப்போம்.

டிரம்ஸ் அடி நெஞ்சில் விழுவதற்கு அடிக்கிற கை மட்டும் போதாது. நெஞ்சில் விழுவது 60, 80 ஹெர்ட்ஸ் அளவிலான கீழ்ச்சுர அதிர்வு. பேஸ் கிட்டாரின் தடித்த கம்பி அதற்கும் கீழே, 41 ஹெர்ட்ஸில் பேசும். திருவிழாவுக்கு மரத்தில் கட்டுகிறோமே குழாய் ஸ்பீக்கர், அது பேச்சுக்கும் நாதஸ்வரத்துக்கும் ஆனது. இந்தக் கீழ்ச்சுரம் அதிலிருந்து வெளியே வராது. குழாயை மட்டும் கட்டி ராக் வாசித்தால் டிரம்ஸ் தகர டப்பா சத்தம்தான் கொடுக்கும், பேஸ் கிட்டார் வாசிக்கிறவர் கை மட்டும் அசையும். மேடைக்கு இரண்டு பக்கமும் கீழ்ச்சுரத்துக்கென்றே உள்ள 18 அங்குல சப்-ஊஃபர் ஸ்பீக்கர் வேண்டும் என்று முன்கூட்டியே மைக் செட்டுக்காரரிடம் கேட்டு எழுதி வாங்கிய ஒருவர் இருக்கிறார். அவர் பாடவில்லை.

அதோடு முடியவில்லை. கச்சேரியை ஒரு பெரிய வீட்டின் வளவுக்குள் வைக்கலாம், நிழலும் இருக்கும் பெருமையும் இருக்கும் என்று முதலில் ஒரு யோசனை வந்தது. நம் வீடுகளின் அழகு எதில் இருக்கிறது? கண்ணாடி போல மெருகேற்றிய சுண்ணாம்புச் சுவர், ஆத்தங்குடி டைல்ஸ், பர்மா தேக்குத் தூண். எல்லாமே ஒலியைத் திருப்பி அனுப்புகிற பரப்புகள். நடுவில் நின்று ஒருமுறை கை தட்டிப் பார்த்தால் தெரியும், ஒரு தட்டலுக்குப் பின்னால் வால் போல ஓசை நீளும். வீணைக்கும் தனிக் குரலுக்கும் அந்த நீளம் இனிமை. நொடிக்கு நாலு முறை ஸ்நேர் என்னும் சிறு டிரம்மை அடிக்கிற வாசிப்புக்கு அது கேடு. முதல் அடி அடங்குவதற்குள் அடுத்த அடி வந்து விழுந்து எல்லாம் ஒரே இரைச்சலாகிவிடும். இதைத் தெரிந்துதான் பொட்டலுக்கு மாற்றினார்கள். மேடையில் டிரம்ஸுக்கு அடியில் கனத்த ஜமுக்காளம் விரித்து, பெரிய டிரம்முக்கு முன்னால் ஒரு மரக்கட்டையை ஆணியடித்து வைத்தார்கள். அந்தக் கட்டை இல்லாவிட்டால் மிதிக்க மிதிக்க டிரம் முன்னால் நகரும். மூன்றாவது பாட்டில் வாசிக்கிறவர் காலை நீட்டித் தேட வேண்டியிருக்கும்.

இரண்டாவது சாட்சி, கடைசி வரிசை. ஸ்பீக்கரைத் தரையில் வைத்தால் முன்வரிசைக்குக் காது அடைக்கும், பின்வரிசைக்கு மெய்யெழுத்தே கேட்காது. முன்னால் இருப்பவர்களின் உடம்பு மேல்சுரங்களை உறிஞ்சிவிடும். க, ச, த, ப எல்லாம் மேல்சுரத்தில்தான் இருக்கின்றன. ஆகவே ஸ்பீக்கரின் வாய் நிற்கிற ஆளின் தலைக்கு மேலே, குறைந்தது 8 அடி உயரத்தில், பின்வரிசையைப் பார்த்துச் சற்றே குனிந்திருக்க வேண்டும்.

பொட்டல் நீளம் என்பதால் நடுவில், மேடையிலிருந்து 35 மீட்டர் தள்ளி, இன்னொரு ஜோடி ஸ்பீக்கர் நிறுத்தினார்கள். இங்கேதான் பல ஊர்க் கச்சேரிகள் கெடுகின்றன. காற்றில் ஒலி நொடிக்குச் சுமார் 345 மீட்டர்தான் போகும். வயரில் மின்சாரம் உடனே போய்விடும். மேடையிலிருந்து வரும் குரல் 35 மீட்டரைக் கடக்கப் பத்தில் ஒரு பங்கு நொடி ஆகிறது. அதற்குள் நடு ஸ்பீக்கர் அதே வார்த்தையைச் சொல்லத் தொடங்கிவிடுகிறது. ஒவ்வொரு சொல்லும் இரண்டு முறை கேட்கும். அதற்காக நடு ஸ்பீக்கரை 100 மில்லி நொடி தாமதிக்க வேண்டும். கூடவே இன்னும் 10 முதல் 15 மில்லி நொடி சேர்த்தால், குரல் பக்கத்து ஸ்பீக்கரிலிருந்து வராமல் மேடையில் நிற்கிற பாடகர் வாயிலிருந்து வருவது போலவே காது நம்பும். கடைசி வரிசை அண்ணன் “ஒவ்வொரு வார்த்தையும் கேட்டுச்சு” என்று எழுதினாரே, அது இந்தக் கணக்குக்குக் கிடைத்த நற்சான்று.

மூன்றாவது சாட்சி கிட்டார். கிட்டார் அழ வேண்டுமென்றால் முதலில் கிட்டாருக்குள் ‘ம்ம்ம்’ என்கிற இரைச்சல் இருக்கக் கூடாது. சீரியல் செட்டையும் விளக்கு டிம்மரையும் சவுண்டு ஓடுகிற அதே ஃபேஸில் மாட்டினால் அந்த இரைச்சல் நிச்சயம் வரும். ஒலிகளைக் கலக்கிற மிக்ஸர், பெருக்குகிற ஆம்ப், மேடையில் இருக்கிற கருவிகள் எல்லாம் ஒரே ஃபேஸ், ஒரே எர்த். விளக்கும் அலங்காரமும் வேறு ஃபேஸ். இரைச்சல் போகவில்லை என்று பிளக்கிலிருந்து எர்த் பின்னை முறிக்கிற வழக்கம் நம் பக்கத்தில் இருக்கிறது. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். எர்த் இல்லாத ஆம்ப்பில் மின்கசிவு இருந்தால் கிட்டார் கம்பிக்கு மின்சாரம் ஏறும். விரல் கம்பியில், உதடு மைக் வலையில், அந்தப் பையன் நடுவில். இரைச்சலை நீக்க, கருவியை மிக்ஸரோடு இணைக்கிற டிஐ பெட்டியில், சிக்னல் வயரின் எர்த்தை மட்டும் துண்டிக்கிற கிரவுண்ட் லிஃப்ட் ஸ்விட்ச் போதும். கச்சேரிக்கு முன் மல்டிமீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்து ஒரு முனையைக் கம்பியிலும் மறு முனையை மைக் வலையிலும் தொட வேண்டும். கிட்டத்தட்ட சுழியம் காட்ட வேண்டும். சில வோல்ட் காட்டினாலே நிறுத்திக் காரணம் தேட வேண்டும். தனியாக அழுத கிட்டாரை எல்லோரும் கொண்டாடுகிறார்கள். வாசித்த பிள்ளை பத்திரமாக வீட்டுக்குப் போனதை நான் அதைவிடப் பெரிதாகக் கொண்டாடுவேன்.

மின்சாரம் என்றதும் ஜெனரேட்டர். “பெருசா ஒண்ணு வையுங்கண்ணே” என்று சொல்லிவிட்டால் வேலை முடியாது. சவுண்டு 10 கிலோவாட், எல்இடி விளக்கு 6, மின்விசிறியும் மற்றதும் 2, ஆக 18. இதை மின்திறன் காரணியான 0.8 ஆல் வகுத்தால், ஜெனரேட்டரை அளக்கிற கேவிஏ கணக்கில் 22.5. அதை முழுச் சுமையில் ஓட்டக் கூடாது, ஆகவே 30 கேவிஏ. இந்தச் சுமைக்கு மணிக்கு 5, 6 லிட்டர் டீசல் குடிக்கும். ஒத்திகையும் சேர்த்து ஆறு மணி நேரத்துக்கு 36 லிட்டர். முன்னாலேயே நிரப்பிவிட வேண்டும், ஓடும்போது ஊற்றக் கூடாது. 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் நிலையாக நிற்பதைப் பார்த்த பிறகே ஆம்ப்பை ஏற்ற வேண்டும். மிக்ஸர் முதலில், ஆம்ப் கடைசியில். அணைக்கும்போது ஆம்ப் முதலில். மாற்றிச் செய்தால் ஒரே ‘டப்’பில் ஸ்பீக்கர் காயில் போய்விடும்.

எதிரணித் தங்கை இங்கே நின்று 1985 ஜூலை 13 லைவ் எய்டு கச்சேரியை எடுத்துச் சொன்னார். எத்தியோப்பியப் பஞ்சத்துக்காக லண்டன் வெம்ப்ளியிலும் அமெரிக்காவின் பிலடெல்பியாவிலும் ஒரே நாளில் நடந்தது. குயின் என்கிற பிரிட்டிஷ் ராக் குழுவின் 21 நிமிடத்தை உலகம் மறக்கவில்லை என்றார். உண்மைதான், நானும் மறுக்கவில்லை. ஆனால் வெம்ப்ளியில் ஒரு குழு இறங்க அடுத்த குழு எப்படி உடனே ஏறியது? சுழலும் மேடை போட்டிருந்தார்கள். ஒரு பகுதியில் வாசிப்பு, ஒரு பகுதியில் அடுத்த குழு கருவிகளைப் பூட்டுகிறது, ஒரு பகுதியில் முடித்தவர்கள் கழற்றுகிறார்கள். நேரம் முடியப்போவதைச் சொல்லப் போக்குவரத்து விளக்கு மாதிரி பச்சை, மஞ்சள், சிவப்பு வைத்திருந்தார்கள். அந்த 21 நிமிடத்தைக் கொடுத்தது அந்த ஏற்பாடு.

அதே மேடையில் பீட்டில்ஸ் புகழ் பாடகர் பால் மெக்கார்ட்னி பியானோவில் உட்கார்ந்து பாடத் தொடங்கியபோது அவருடைய மைக் முதல் சில நிமிடம் வேலை செய்யவில்லை. “பார்த்தீர்களா, மைக் செத்தும் பாட்டு சாகவில்லை, கூட்டமே பாடியது” என்று தங்கை முடித்தார். கூட்டம் பாடியது, ஏனென்றால் அந்தப் பாட்டு அவர்களுக்கு மனப்பாடம். நம் பிள்ளைகள் பாடியது அவர்களே எழுதிய புதுப் பாட்டு. நம் பொட்டலில் மைக் செத்தால் யார் எடுத்துப் பாடுவது? உள்ளூர்க் குழுவுக்கு உலகக் குழுவைவிட ஏற்பாடு அதிகம் வேண்டும் என்பதற்கு இதைவிட ஆதாரம் கிடையாது. டிரம்ஸுக்கு ஆறு மைக், பேஸ் ஒன்று, கிட்டார் இரண்டு, குரல் மூன்று, தொகுப்பாளருக்கு ஒன்று, ஆகப் பதின்மூன்று. பன்னிரண்டு சேனல் மிக்ஸர் வந்து இறங்கியிருந்தால் ஒரு குரலைப் பலி கொடுத்திருப்பார்கள். பதினாறு வேண்டும் என்று எண்ணிச் சொன்னவர் இருந்தார்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். 1971 ஆகஸ்ட் 1, நியூயார்க் மேடிசன் ஸ்கொயர் கார்டன். வங்கதேச அகதிகளுக்காக பீட்டில்ஸ் புகழ் ஜார்ஜ் ஹாரிசனும் நம் பண்டிட் ரவிசங்கரும் நடத்திய கச்சேரி. ரவிசங்கரும் சரோத் கலைஞர் அலி அக்பர் கானும் சுருதி சேர்த்து முடித்ததும் கூட்டம் கைதட்டியது. சுருதி சேர்ப்பதையே இவ்வளவு ரசித்தால் வாசிப்பை இன்னும் ரசிப்பீர்கள் என்று நம்புகிறேன் என்கிற பொருளில் ரவிசங்கர் பேசினார். அரை நூற்றாண்டு தாண்டியும் அந்தக் கச்சேரியைப் பற்றிப் பேசுகிற ரசிகர்கள் இதைச் சொல்லாமல் விடுவதில்லை. சுருதி சேர்ப்பது பாட்டா, ஏற்பாடா? எதிரணி சொல்லட்டும்.

அந்தக் கச்சேரிக்கு இன்னொரு பக்கமும் உண்டு, அது வலிக்கிற பக்கம். வாசல் வசூலாக வந்த சுமார் 2 லட்சத்து 43 ஆயிரம் டாலர் யுனிசெஃப் மூலம் போய்ச் சேர்ந்தது. இசைத்தட்டும் படமும் ஈட்டிய பெரும்பணமோ, வரிவிலக்குக்கு முன்கூட்டியே பதிவு செய்யாததால் வரித்துறைத் தணிக்கையில் பல ஆண்டுகள் மாட்டிக்கொண்டது. பாட்டில் குறையே இல்லை. கூட வாசித்தவர்கள் எரிக் கிளாப்டன், பாப் டிலன், ரிங்கோ ஸ்டார். ஒரு விண்ணப்பம் குறைந்தது, பசித்தவனுக்குப் போக வேண்டிய பணம் காத்துக் கிடந்தது.

நம் பொட்டலில் என்ன செய்தார்கள்? எண் போட்ட டிக்கெட், அடிக்கட்டையோடு. எந்தப் புத்தகம் யார் கையில் என்று கையெழுத்து. விற்காதது அன்று மாலைக்குள் திரும்ப வர வேண்டும். இலவச அனுமதிச் சீட்டு வேறு நிறம். உண்டியலுக்கு இரண்டு பூட்டு, இரண்டு பேரிடம் சாவி. அன்று இரவே மூன்று பேர் உட்கார்ந்து, 500 எத்தனை, 200 எத்தனை என்று நோட்டு வாரியாக எழுதி, மூவரும் கையெழுத்துப் போட்டு, மறுநாள் காலை வங்கியில் முழுத் தொகையும் கட்டினார்கள். ஜெனரேட்டர் வாடகையை உண்டியலிலிருந்து எடுத்துக் கொடுக்கிற பழக்கத்தை அண்டவிடவில்லை. செலவுக்குத் தனியாகப் புரவலர், தனி நோட்டு. கல்யாண வீட்டில் மொய் எழுதுகிற அண்ணன் பேனாவை எடுத்தால் அடித்தல் திருத்தல் இருக்காது, அந்தச் சுத்தத்தில் இருந்தது இந்தக் கணக்கு. காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆய்வகம் அமைய 300 ஏக்கர் நிலமும் 15 லட்ச ரூபாயும் கொடுத்த வள்ளல் அழகப்பர் வாழ்ந்த மண் இது. கொடுக்கிற கைக்கு இங்கே பஞ்சமில்லை. எதற்கு என்று தெரிந்தால் அந்தக் கை இன்னும் தாராளமாகும்.

எதற்கு என்பதையும் தெளிவாகச் சொன்னார்கள். முதல் செலவு ஊருணிக்குள் அல்ல, வரத்துக்காலில். வரத்துக்கால் அடைபட்டிருந்தால் ஊருணியை எவ்வளவு ஆழம் வெட்டினாலும் மழைத் தண்ணீர் வழியிலேயே நின்றுவிடும். ஆகவே முதல் தவணை வரத்துக்கால் முள்ளை அகற்ற, பிறகுதான் பொக்லைன் வாடகை என்று மேடைக்குப் பக்கத்திலேயே பலகை வைத்தார்கள். இரவு பத்து மணிக்கு மேல் திறந்த வெளியில் ஒலிபெருக்கி கூடாது என்பது 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதி. ஒன்பதே முக்காலுக்குக் கடைசிப் பாட்டு முடிந்தது. மீதிக் கால் மணி நேரம் அந்தப் பலகைக்கு.

நேரம் ஆகிவிட்டது என்று நடுவர் மணியைப் பார்க்கிறார். அடுத்துப் பேச வருகிற எதிரணி அண்ணனிடம் ஒன்றே ஒன்று கேட்டுவிட்டு இறங்குகிறேன். அந்தக் குறிப்புகளில் ஒரு ஆச்சி எழுதியது இருக்கிறது: “என்ன பாட்டுன்னு கேட்டா சொல்லத் தெரியாது. ஆனா கணக்குப் பலகைய நின்னு படிச்சேன், அப்பறந்தான் போட்டேன்.” உங்கள் தலைவர் மூன்று குறிப்புகளை வாசித்தாரே, இதை ஏன் வாசிக்கவில்லை? அதற்குப் பதில் சொல்லிவிட்டுப் பாட்டைப் பற்றிப் பேசுங்கள் அண்ணே. நன்றி, வணக்கம்.